கர்ரிசாலில் செத்தவர்கள் யாருடைய எதிரியோடு சண்டையிட்டார்கள்?

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம். அந்த மாதத்தில் நம் தோழர்களின் பக்கங்களிலும் ஒரு பழைய புகைப்படம் வலம்வரத் தொடங்கிவிடும். குதிரைமீது விறைப்பாக அமர்ந்திருக்கும் கறுப்பினப் படைவீரர்கள், கையில் துப்பாக்கி, கண்ணில் அசாத்தியமான நிதானம். ஆயுதம் கைக்கு வந்ததால் தலைநிமிர்ந்த மக்கள் என்ற பொருளில் கீழே ஒரு வரி இருக்கும். பின்னூட்டத்தில் ஒருவர் கோரேகானைக் கொண்டுவருவார். இன்னொருவர் நாமும் போர்க்குடிதான் என்று முடித்துவைப்பார்.

புகைப்படத்தோடு எனக்குப் பிணக்கு இல்லை. அந்த ஒற்றை வரியோடுதான் பிணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைப் படையிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினர் எப்படி வெளியே தள்ளப்பட்டார்கள் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. ஒப்பீட்டுக்காக அமெரிக்கக் கறுப்பினப் படைப்பிரிவுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, 1910களில் மெக்சிக்கோ எல்லையில் நடந்த குதிரைப்படை நடவடிக்கைகளில் வந்து நின்றேன். அங்கிருந்து எளிதில் நகர முடியவில்லை. கருத்தரங்கு ஒன்றில் ஒரு பேராசிரியர், "மெக்சிக்கோ குதிரைக்கும் உங்க ஆளுங்களுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டுச் சிரித்தார். 'உங்க ஆளுங்க' என்ற சொல்லிலேயே பாதிச் சம்பந்தம் இருக்கிறது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866இல், கறுப்பினத்தவருக்கெனத் தனிப் படைப்பிரிவுகளை அமைக்க அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆறாக இருந்தவை 1869இல் நான்காகக் குறைக்கப்பட்டன: 9, 10ஆம் குதிரைப்படைகள், 24, 25ஆம் காலாட்படைகள். தனிப் பிரிவு என்றாலே நமக்கு விளக்கம் தேவைப்படாது. குடியிருப்பு தனி, சுடுகாடு தனி என்பதுபோல ரெஜிமெண்டும் தனி. வீரர்கள் கறுப்பர், அதிகாரிகள் வெள்ளையர். அவர்களுக்கு இடப்பட்ட முதல் வேலை, மேற்குச் சமவெளிகளில் பூர்வகுடி மக்களை அடக்குவது. 'காட்டெருமை வீரர்கள்' என்ற பெயரையே அந்தப் பூர்வகுடிகள்தான் வைத்தார்கள் என்று சொல்வார்கள். நேற்றுவரை அடிமையாக விற்கப்பட்டவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, இன்று நிலத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருப்பவனைச் சுடச் சொன்ன அரசு அது. இந்தச் சூத்திரம் அரை நூற்றாண்டு கழித்து மெக்சிக்கோ எல்லையில் கொஞ்சமும் மாறாமல் வேலை செய்தது.

1916 மார்ச் 9 விடியற்காலையில் பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் ஏறத்தாழ 500 பேர் நியூ மெக்சிக்கோவில் உள்ள கொலம்பஸ் என்ற சிற்றூருக்குள் புகுந்தார்கள். படைமுகாமையும் கடைத்தெருவையும் தாக்கினார்கள். அமெரிக்கர்கள் பதினெட்டுப் பேரளவில் செத்தார்கள். வில்லாவின் தரப்பில் செத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. வில்லாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1915 அக்டோபரில் அவருடைய எதிரியான கர்ரான்சாவின் ஆட்சியை அமெரிக்கா அங்கீகரித்தது. அத்தோடு நிற்காமல் கர்ரான்சாவின் படைகள் அமெரிக்க மண்ணின் ரயில் பாதை வழியாகவே சுற்றிவந்து அகுவா பிரியெத்தாவில் வில்லாவை முறியடிக்க வழிவிட்டது. கொலம்பஸ் தாக்குதல் நடந்து ஒரு வாரத்துக்குள் ஜெனரல் ஜான் பெர்ஷிங் தலைமையில் அமெரிக்கப் படை எல்லை தாண்டியது. 'தண்டனைப் படையெடுப்பு' என்று அதற்குப் பெயர். இன்னொரு நாட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு பெரிய பண்ணையார் மனம் வேண்டும்!

படை பத்தாயிரம் பேர் வரை பெருகியது. எட்டு விமானங்கள் போயின. சில வாரங்களில் அவற்றில் பெரும்பாலானவை உடைந்து பயனற்றுப் போயின. லாரிகள் போயின. பிற்காலத்தில் டாங்கிப் படைக்குப் பேர்போன ஜார்ஜ் பாட்டன் அப்போது இளம் லெப்டினன்ட்; வில்லாவின் தளபதி ஒருவரைச் சுட்டுக்கொன்று, உடல்களை வேட்டையாடிய மான்போல மோட்டார் காரின்மேல் கட்டிக்கொண்டு முகாமுக்கு வந்தார். பத்திரிகைகள் கொண்டாடின. பதினோரு மாதம் கழித்து, 1917 பிப்ரவரி 5 அன்று, வில்லாவைப் பிடிக்காமலேயே படை திரும்பியது.

பெர்ஷிங்குக்கு 'பிளாக் ஜாக்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஏதோ வீரப் பட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இளம் வயதில் அவர் கறுப்பினத்தவரின் 10ஆம் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். பிறகு வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பயிற்சியாளராகப் போனபோது, அவரைப் பிடிக்காத மாணவர்கள் கறுப்பர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லை அவர் பெயரோடு ஒட்டினார்கள். பத்திரிகைகள் அதைக் கொஞ்சம் கழுவித் துடைத்து 'பிளாக்' ஆக்கின. கறுப்பர்களோடு பணியாற்றிய வெள்ளையருக்கே தீட்டு ஒட்டிக்கொள்கிறது என்றால், அந்தக் கறுப்பர்களின் நிலை என்னவாக இருந்திருக்கும்?

இனி கர்ரிசால்.

1916 ஜூன் மாதத்துக்குள் வில்லாவைத் தேடும் வேலை, கர்ரான்சா அரசின் படைகளோடு முறைத்துக்கொள்ளும் வேலையாக மாறிவிட்டது. வடக்கே, அதாவது வீட்டைப் பார்த்துத் திரும்புவதைத் தவிர வேறு எந்தத் திசையில் அமெரிக்கப் படை நகர்ந்தாலும் தாக்குவோம் என்று மெக்சிக்கோ ஜெனரல் த்ரெவீன்யோ பெர்ஷிங்குக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தார். அந்த நிலையில் 10ஆம் குதிரைப்படையின் சி, கே என்ற இரண்டு அணிகள் கிழக்கே வில்லா அகுமாதா திசையில் வேவு பார்க்க அனுப்பப்பட்டன. தலைமை கேப்டன் சார்லஸ் பாய்டு. ஜூன் 21 காலையில் கர்ரிசால் ஊருக்கு வெளியே மெக்சிக்கோ அரசுப் படை வழிமறித்தது. ஜெனரல் ஃபெலிக்ஸ் கோமஸ் நேரில் வந்து பேசினார். ஊர் வழியாகப் போக அனுமதியில்லை என்றார். சுற்றிக்கொண்டு போகலாம், திரும்பிப் போகலாம், மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கலாம். மோதலைத் தவிர்க்க வேண்டும் என்பதுதான் பாய்டுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் ஊருக்குள்ளேதான் போவேன் என்றார்.

எண்பதுக்குச் சற்று மேற்பட்ட கறுப்பின வீரர்கள், மறைவே இல்லாத திறந்தவெளியில், எண்ணிக்கையில் தங்களைவிடப் பல மடங்கு பெரிய படையை நோக்கி நடந்தார்கள். எதிரில் வாய்க்கால் கரை மறைவில் இயந்திரத் துப்பாக்கி. பாய்டு செத்தார். லெப்டினன்ட் அடேர் செத்தார். மூன்றாவது வெள்ளை அதிகாரி கேப்டன் மோரி காயம்பட்டார். மெக்சிக்கோ தரப்பில் ஜெனரல் கோமஸ் உட்படப் பலர் செத்தார்கள். கறுப்பின வீரர்களில் பத்துப் பேரளவில் மாண்டார்கள். 23 பேரும் அவர்களோடு வந்த வெள்ளை வழிகாட்டி ஒருவரும் சிறைபிடிக்கப்பட்டு சிவாவா நகரச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இரண்டு அரசுகளும் முழுப் போர் வேண்டாமென்று கணக்குப் போட்டதால், பத்து நாளுக்குள் அவர்கள் எல் பாசோவில் ஒப்படைக்கப்பட்டார்கள்.

ஒரு வெள்ளை அதிகாரியின் வறட்டுப் பிடிவாதத்துக்கு அந்த வீரர்கள் விலை கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக நான் தயாரில்லை. அந்தக் களத்தில் வேண்டாம், திரும்பலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரமுள்ள இடத்தில் ஒரு கறுப்பரும் இல்லை. பதினைந்து, இருபது ஆண்டு அனுபவமுள்ள சார்ஜெண்டுகள் அந்தப் படையில் சாதாரணம். எல்லைப் பாலைவனத்தைத் தங்கள் உள்ளங்கைபோல அறிந்தவர்கள். அவர்கள் ஆலோசனை கேட்கப்படும் இடத்தில் இல்லை. அதிகாரிகள் விழுந்ததும் படை சிதறியது. உடனே பழைய பல்லவி கைவசம் இருந்தது: கறுப்பர்கள் வீரர்கள்தான், ஆனால் வெள்ளையர் தலைமை இல்லாவிட்டால் அவர்களால் முடியாது. இந்தப் பல்லவியை 1899இலேயே அச்சில் ஏற்றியவர் தியோடர் ரூஸ்வெல்ட். கியூபாவின் சான் யுவான் குன்றில் தனக்குப் பக்கத்தில் நின்று சண்டையிட்ட அதே 9, 10ஆம் குதிரைப்படையினரைப் பற்றித்தான் அப்படி எழுதினார். தலைமை ஏற்க விடமாட்டார்களாம். பிறகு, தலைமை ஏற்கத் தெரியாதவர்கள் என்பார்களாம். மேளம் அடிக்க மட்டும் கோவிலுக்குக் கூப்பிட்டுவிட்டு, இவர்களுக்கு வழிபாடு தெரியாது என்று சொல்கிறவர்களின் வாதம் இதிலிருந்து எந்த வகையில் வேறு?

இப்போது நாள்காட்டியைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டுவோம். கர்ரிசாலுக்கு ஐந்து வாரம் முன்பு, 1916 மே 15. டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரம். ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற 17 வயதுக் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளியைக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நடுவர் குழுவுக்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டன. தீர்ப்பு முடிந்த மாத்திரத்தில் கும்பல் அவரை நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்றது. நகராட்சிக் கட்டடத்தின் எதிரே, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருக்க, சங்கிலியால் கட்டி உயிரோடு எரித்தது. ஒரு புகைப்படக்காரர் படம் எடுத்தார். அவை அஞ்சலட்டைகளாக விற்றன. அதே நேரத்தில் 10ஆம் குதிரைப்படை மெக்சிக்கோவின் மலைகளில் அமெரிக்க உயிர்களுக்குப் பழிவாங்கத் திரிந்துகொண்டிருந்தது. யாருடைய உயிர் அமெரிக்க உயிர்? டூ போய்ஸ் தம் 'கிரைசிஸ்' இதழின் 1916 ஜூலை வெளியீட்டோடு வேக்கோ கொடூரத்தைத் தனி இணைப்பாக வெளியிட்டார். கர்ரிசாலில் பிடிபட்ட வீரர்கள் ஊர் திரும்பியதும் அந்த நாட்களில்தான்.

இந்த வாரங்களில் நியூயார்க்கில் இருந்த இன்னொருவரை நாம் மறக்க முடியாது. வேக்கோவுக்குச் சரியாக ஆறு நாள் முன்பு, 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது பீம்ராவ் அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றிய தம் கட்டுரையை வாசித்தார். வில்லா, பெர்ஷிங் என்று நாளேடுகள் அலறிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் அந்த நகரின் நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். அவர் ஒரு சுபேதாரின் மகன் என்பதும், அவருடைய தந்தை பணியாற்றிய படை பின்னர் மகர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது என்பதும் நமக்குத் தெரியும்.

படத்தைப் பகிரும் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் சார்லஸ் யங். 1864இல் கெண்டக்கியில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர். வெஸ்ட் பாயிண்டில் பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பர், ஆண்டு 1889. மெக்சிக்கோ படையெடுப்பில் மேஜர். 1916 ஏப்ரல் 1 அன்று அகுவாஸ் காலியெந்தேஸ் என்ற இடத்தில் வில்லாவின் ஆட்கள்மீது கைத்துப்பாக்கிகளோடு குதிரைப் பாய்ச்சல் நடத்தியவர். அதே மாதம் பர்ரால் நகரில் ஊர்மக்களும் படைவீரர்களும் சேர்ந்து விரட்டியடித்த 13ஆம் குதிரைப்படையின் வெள்ளை வீரர்களை மீட்கப் போன படையிலும் அவர் இருந்தார். அந்தப் படையெடுப்பு முடிந்தபோது லெப்டினன்ட் கர்னல்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. பணிமூப்புப்படி யங் கர்னல் ஆகவும், அதற்கு மேலும் உயரவும் வேண்டிய நேரம். அப்போது 10ஆம் குதிரைப்படையில் இருந்த மிசிசிப்பிக்காரரான ஒரு வெள்ளை லெப்டினன்ட், ஒரு கறுப்பருக்குக் கீழே பணியாற்றுவது தனக்கு ஒவ்வவில்லை என்று தன் ஊர் செனட்டருக்கு எழுதினார். செனட்டர் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு எழுதினார். வில்சன் போர்த்துறைச் செயலருக்கு எழுதினார். மருத்துவப் பரிசோதனையில் யங்குக்கு இரத்தக் கொதிப்பு கண்டுபிடிக்கப்பட்டது. கர்னல் பட்டம் கொடுத்து ஓய்வுப் பட்டியலில் தள்ளினார்கள். மேல்சாதிக் கீழதிகாரி ஒருவனின் கடிதம், தலித் மேலதிகாரி ஒருவரின் கோப்பில் மருத்துவக் குறிப்பாகவோ நிர்வாகக் காரணமாகவோ மாறும் வித்தையை நம் அலுவலகங்களில் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

யங் என்ன செய்தார்? 1918 ஜூனில், 54 வயதில், ஓஹையோவின் வில்பர்ஃபோர்சிலிருந்து வாஷிங்டன் வரை ஏறத்தாழ 500 மைல் தூரத்தைக் குதிரையில் கடந்து போனார். உடம்பு சரியில்லை என்றீர்களே, பாருங்கள் என்றார். பார்த்தார்கள். அசையவில்லை. போர் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, நவம்பர் 6 அன்று, பணிக்குத் திரும்ப அழைத்தார்கள். பிரிகேடியர் ஜெனரல் பட்டம் அவர் செத்து நூறு ஆண்டு கழித்து, 2022இல் வழங்கப்பட்டது. இந்தக் குதிரைப் பயணத்தை உணர்ச்சிகரமான வீரகாதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது. முப்பது ஆண்டு பணி செய்த ஒரு மனிதன் தன் தகுதியை மெய்ப்பிக்க 500 மைல் குதிரை ஓட்ட வேண்டியிருந்தது என்பதில் கொண்டாட என்ன இருக்கிறது?

யங் அனுபவித்தது பதவி மறுப்பு. சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது தூக்குக் கயிறு. 1906இல் டெக்சாசின் பிரவுன்ஸ்வில் நகரில் நள்ளிரவில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் செத்தார். ஊர் வெள்ளையர்கள் 25ஆம் காலாட்படை மீது பழி போட்டார்கள். அதே ரூஸ்வெல்ட், குடியரசுத் தலைவராக, விசாரணை நீதிமன்றமே இல்லாமல் 167 வீரர்களை அவமானகரமாகப் பணிநீக்கம் செய்தார். அந்த ஆணை 1972இல்தான் திருத்தப்பட்டது. இழப்பீடாக 25,000 டாலர் வாங்க உயிரோடு இருந்தவர் டார்சி வில்லிஸ் என்ற முதியவர். பணி பறிபோன பிறகு அவர் மினியாபொலிசில் பல பத்தாண்டுகள் காலணி துடைத்துப் பிழைத்தார்.

1917 ஆகஸ்டில் ஹூஸ்டன். மெக்சிக்கோ படையெடுப்பில் பங்குகொண்ட 24ஆம் காலாட்படையின் ஒரு பிரிவை, கட்டுமானத்தில் இருந்த முகாம் ஒன்றுக்குக் காவலாக எல்லையோரக் கொலம்பசிலிருந்து கொண்டுவந்தார்கள். ஒரு கறுப்பினப் பெண்ணைக் காவலர்கள் வீட்டிலிருந்து அரைகுறை உடையோடு இழுத்துச் சென்றதைத் தட்டிக்கேட்ட வீரர் அடித்துக் கைதுசெய்யப்பட்டார். அவரைப் பற்றி விசாரிக்கப் போன கார்ப்பரல் சார்லஸ் பால்டிமோரும் அடிபட்டார். அன்றிரவு நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் துப்பாக்கியோடு நகருக்குள் அணிவகுத்தார்கள். காவலர்களும் பொதுமக்களும் வீரர்களுமாக இருபது பேரளவில் செத்தார்கள். இராணுவ நீதிமன்றங்கள் 110 பேருக்குத் தண்டனை விதித்தன. டிசம்பர் 11 விடியலில், மேல்முறையீட்டுக்கே இடமில்லாமல், 13 பேரை ஒன்றாகத் தூக்கிலிட்டார்கள். பின்னர் மேலும் ஆறு பேர். அந்த 110 தீர்ப்புகளையும் அமெரிக்க இராணுவம் 2023 நவம்பரில் இரத்து செய்தது. எல்லைக்கு அப்பால் துப்பாக்கி தூக்கியபோது அவர்கள் வீரர்கள். தங்கள் தெருப் பெண்ணின் மானத்துக்காக வாய் திறந்த அன்று அவர்கள் கலகக்காரர்கள்.

சரி, அவர்கள் யாரை எதிர்த்து நிறுத்தப்பட்டார்கள்?

1915 ஜனவரியில் டெக்சாசில் கைதான ஒரு மெக்சிக்கரிடம் 'சான் தியேகோ திட்டம்' என்ற அறிக்கை சிக்கியது. மெக்சிக்கர், கறுப்பர், பூர்வகுடிகள், ஜப்பானியர் ஒன்றுசேர்ந்து எழுந்து டெக்சாஸ் முதல் கலிபோர்னியா வரை மீட்க வேண்டும். அப்பாச்சிகளுக்கு நிலம் திரும்ப வேண்டும். கறுப்பர்களுக்குத் தனிக் குடியரசு வேண்டும் என்றது அது. 16 வயதுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள் எல்லோரையும் கொல்ல வேண்டும் என்ற வரியும் அதில் உண்டு. அதை மறைத்துவிட்டு இதைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. யார் எழுதியது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் ஒடுக்கப்பட்டவர்கள் ஒரே தாளில் ஒன்றாக எழுதப்பட்டிருந்த காட்சி வெள்ளை டெக்சாசை எப்படி வெறிகொள்ளச் செய்தது என்பதில் ஐயமில்லை. ரேஞ்சர்களும் தன்னார்வக் கும்பல்களும் தென் டெக்சாசில் மெக்சிக்க வம்சாவளியினரைக் கொன்று குவித்தார்கள். எண்ணிக்கை சில நூறு என்பாரும் உண்டு, ஆயிரங்கள் என்பாரும் உண்டு. 1918 ஜனவரி 28 அன்று போர்வெனிர் என்ற குக்கிராமத்தில் 15 ஆண்களையும் சிறுவர்களையும் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அந்த ஊருக்கு ரேஞ்சர்களோடு வந்தது 8ஆம் குதிரைப்படை, வெள்ளையர் படை. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. ஹூஸ்டன் தூக்குக்கும் இதற்கும் இடையே ஏழு வாரம்கூட இல்லை.

இதைச் சொன்னால் சில இடதுசாரி நண்பர்கள் உடனே மறுபக்கம் சாய்வார்கள்: அப்படியானால் கறுப்புச் சிப்பாய் ஏகாதிபத்தியக் கூலி, வில்லாதான் நாயகன். இந்தத் தீர்ப்பையும் நான் ஏற்க மாட்டேன். வில்லாவின் ஆட்கள் வடக்கு மெக்சிக்கோவில் சீனர்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். பெர்ஷிங் திரும்பும்போது அவரோடு 500க்கும் மேற்பட்ட சீன அகதிகள் வந்தது அந்தப் பயத்தில்தான். சீனர் நுழையத் தடைச்சட்டம் இருந்த நாட்டுக்குள், அவர்கள் படைக்குச் சமைத்தும் துவைத்தும் வந்து சேர்ந்தார்கள். ஏழை விவசாயிகளின் தளபதி என்பதால் எவருடைய கையிலும் இரத்தம் இல்லாமல் போய்விடாது.

கூலி என்று ஏசுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். குத்தகைப் பண்ணையும் கடனும் கும்பல் கொலையும்தான் தெற்கில் கறுப்பு இளைஞனுக்கு இருந்த வாழ்க்கை. படையில் வெள்ளையனுக்குத் தரும் அதே சம்பளம், மூன்று வேளை உணவு, படிக்கக் கொஞ்சம் எழுத்து, முடிவில் ஓய்வூதியம். அவன் போகத்தான் செய்வான். நம் முன்னோர்களும் போனார்கள். சென்னைப் படையின் சப்பர்ஸ் பிரிவிலும் பயோனியர் பிரிவிலும் பறையர்கள் கணிசமாக இருந்தது இதனால்தான். அம்பேத்கர் 1941இல் மகர் ரெஜிமெண்டுக்காக வாதாடியதும் இந்த அர்த்தத்தில்தான் என்று நான் படிக்கிறேன்: அரசுப் பணி, கல்வி, சம்பளம் ஆகியவற்றில் எங்களுக்குரிய பங்கு. உரிமைக் கோரிக்கை அது. எங்கள் இரத்தத்தில் வீரம் ஓடுகிறது என்ற பிறப்புப் பெருமை அதில் அடிப்படை இல்லை.

இந்த வேறுபாட்டைத்தான் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். 'போர்க்குடி' என்பது வெள்ளைக்காரன் செய்த சாதிப் பட்டியல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதி வரை சென்னைச் சிப்பாயை வைத்து நாட்டைப் பிடித்துவிட்டு, பிறகு ராபர்ட்ஸ் போன்ற தளபதிகள் தெற்கத்தியானுக்குப் போர்க்குணம் இல்லை என்று எழுதினார்கள். மகர்களுக்கும் அதே கதவடைப்பு. தேவைப்பட்டால் நீ சிங்கம், தேவை தீர்ந்தால் நீ தீட்டு. ரூஸ்வெல்ட் சான் யுவான் குன்றில் செய்ததும் இதையேதான். இடைநிலைச் சாதிகள் ஆண்ட பரம்பரை என்று மீசை முறுக்குவதை நாள்தோறும் கேலி செய்துவிட்டு, அதே மீசையை நாமும் ஒட்டிக்கொண்டால் எப்படி? மானத்துக்குப் போர்ச் சான்றிதழ் தேவை என்று ஒத்துக்கொண்டால், படையில் சேராத நம் பாட்டிகளுக்கும் நடவு நட்டவர்களுக்கும் மலம் அள்ள வைக்கப்பட்டவர்களுக்கும் எந்தச் சான்றிதழைக் காட்டுவீர்கள்?

கறுப்பின வீரனைக் கௌரவிக்க வேண்டுமென்றால் அவனை யாரோடு மோத விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து அதற்கு மிகப் பொருத்தமான நாள் 1918 ஜனவரி 9.

உலகப் போருக்குக் கறுப்பினப் புதுப் படைகளைப் பிரான்சுக்கு அனுப்பிய அமெரிக்கா, அனுபவம் மிக்க 10ஆம் குதிரைப்படையை மட்டும் அரிசோனா எல்லையிலேயே காவல் நிறுத்தியிருந்தது. அன்று பியர் பள்ளத்தாக்கில் அதன் ஒரு அணி, எல்லை தாண்டி வந்துகொண்டிருந்த யாக்கி பூர்வகுடிகள் முப்பது பேரளவில் கொண்ட கூட்டத்தைக் கண்டது. யாக்கிகள் யார்? மெக்சிக்கோவின் சொனோராவில் ஆற்றங்கரை நிலத்தைப் பறிகொடுத்தவர்கள். போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சியில் ஆயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு யுகத்தான் கற்றாழைத் தோட்டங்களுக்கு அடிமைகளைப்போல நாடு கடத்தப்பட்டவர்கள். அரிசோனா பழத்தோட்டங்களில் கூலிவேலை செய்து, அந்தக் காசில் துப்பாக்கி வாங்கி, ஊர் திரும்பித் தம் நிலத்துக்காகச் சண்டையிடுவது அவர்கள் வழக்கம். பாறைகளுக்கிடையே துப்பாக்கிச் சண்டை நடந்தது. பெரும்பாலோர் தப்பிப் போகும்வரை பத்துப் பேர் பின்னால் நின்று தாக்குப்பிடித்துப் பிடிபட்டார்கள். அவர்களில் ஒரு பதினோரு வயதுச் சிறுவன். தலைவர் காயத்தால் மருத்துவமனையில் செத்தார். அமெரிக்க இராணுவம் பூர்வகுடிகளோடு நடத்திய கடைசிச் சண்டை என்று இதைப் பலர் குறிப்பிடுகிறார்கள்.

ஏன் சுட்டீர்கள் என்று கேட்டபோது யாக்கிகள் சொன்ன காரணம் இது: தூரத்தில் கறுத்த முகங்களைப் பார்த்து மெக்சிக்கோ சிப்பாய்கள் என்று நினைத்துவிட்டோம். பிடிபட்ட பிறகு கறுப்பின வீரர்களோடு முகாமில் இருந்த நாட்களில் அவர்கள் நன்றாகப் பழகிவிட்டார்கள். படையில் சேர்ந்துகொள்கிறோம் என்றுகூடக் கேட்டுப் பார்த்தார்கள். டூசான் நீதிமன்றத்தில் உரிமமில்லாமல் ஆயுதம் கடத்தியதாக வழக்கு நடந்தது. சிறுவனை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு 30 நாள் சிறை. மெக்சிக்கோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் சுட்டுக் கொல்லப்படுவோம் என்று தெரிந்த அந்த மனிதர்கள், சிறைத் தண்டனையை நிம்மதியோடு ஏற்றுக்கொண்டார்கள்.